கன்று வீசிய தொழுவத்தில் யாருடைய கை? மாடுகளின் கருச்சிதைவு நோயும் சாதித் தொழிலும்

கூலி பாக்கி தொடர்பாகச் சட்ட உதவி கேட்டுக் கம்மாபுரம் பகுதியிலிருந்து எங்களிடம் வந்த ஒரு பெண் தொழிலாளி, பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு முறை எழுந்து போய்ச் சுவரில் சாய்ந்து நின்றார். இடுப்பு வலி உட்கார விடவில்லை என்றார். இரண்டு மாதங்களுக்கு மேலாகக் காய்ச்சல். மாலையில் ஏறும், விடியற்காலையில் துணி நனையும் அளவுக்கு வியர்த்து இறங்கிவிடும். டைபாய்டு என்று இருமுறை மருந்து கொடுத்திருக்கிறார்கள். மருந்து முடிந்த சில நாட்களில் காய்ச்சல் மீண்டும் வந்துவிடும்.

அவர் வேலை பார்த்தது பதினைந்து கலப்பினப் பசுக்கள் உள்ள ஒரு மாட்டுக் கொட்டகையில். சாணம் அள்ளுவது, புல் அறுத்துப் போடுவது, மாடு கழுவுவது எல்லாம் அவர் வேலை. கொட்டகையில் அண்மையில் ஏதாவது நடந்ததா என்று கேட்டோம். "மாசி மாசத்துல ரெண்டு மாடு வீசிடுச்சு சார். ஏழு மாசக் கன்னு. கொடியும் விழல. நான்தான் இழுத்து எடுத்துக் கொண்டுபோய்ப் போட்டேன்" என்றார். கையுறை கொடுத்தார்களா என்று கேட்டபோது அவருக்குச் சிரிப்பு வந்தது.

அவருக்கு வந்தது புருசெல்லோசிஸ் என்று நாங்கள் சொல்லவில்லை. சொல்ல முடியாத நிலைதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. வீசப்பட்ட கன்றை எவரும் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. மாட்டின் இரத்தமும் எடுக்கப்படவில்லை. ஒரு மாடு சந்தையில் விற்கப்பட்டுவிட்டது. கன்றை ஓடைக்கரையில் நாய்கள் தின்றுவிட்டன. எங்களைச் சந்திக்கும் வரை, மாட்டோடு வேலை செய்கிறீர்களா என்று எந்த மருத்துவமனையிலும் அவரை எவரும் கேட்டதில்லை.

கம்மாபுரம் என்றதும் வாசகர்களுக்கு 1993 ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். முதனை கிராமத்து இராசாக்கண்ணு, கம்மாபுரம் காவல் நிலையத்தில் சித்திரவதைக்கு ஆளாகி உயிரிழந்த ஆண்டு அது. அவ்வழக்கில் காவலர்கள் தண்டிக்கப்பட்டது, சாட்சியமும் சான்றும் விடாமல் தேடித் திரட்டப்பட்டதால்தான். தொழுவத்தில் நிகழும் கேடுகளுக்கு அப்படித் தேடுவார் எவருமில்லை. அவை வழக்காவதற்கு முன்பே வெறும் காய்ச்சலாக முடிந்துவிடுகின்றன.

கன்று வீசுதல் என்பது என்ன?

சினை மாடு நாள் நிறையும் முன் கருவை வெளியே தள்ளிவிடுவதை நம் ஊர்களில் 'கன்று வீசுதல்' என்பார்கள். வழுக்கி விழுந்தது, வேறு மாடு முட்டியது, நச்சுச் செடியைத் தின்றது, கண்பட்டது என்று காரணங்கள் சொல்லப்படும். இவற்றுள் முதல் மூன்றும் நிகழக்கூடியவையே. ஆயினும் ஒரே கொட்டகையில் அடுத்தடுத்து இரண்டு மூன்று மாடுகள் வீசினால், நுண்ணுயிர்த் தொற்றை முதலில் ஐயுற வேண்டும் என்பது கால்நடை மருத்துவத்தின் அடிப்படைப் பாடம்.

தொற்றுகளிலும் பல வகை உண்டு. பொலிகாளையின் வழி பரவும் கேம்பைலோபேக்டர் பெரும்பாலும் சினையின் தொடக்கத்திலேயே கருவை அழித்துவிடுகிறது. மாடு சினை பிடிக்கவில்லை என்றே உடையவர் நினைத்துக்கொள்வார். கெட்டுப்போன ஊறுகாய்ப் புல்லில் வளரும் லிஸ்டீரியா ஒன்று. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா மற்றொன்று. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளாற்றுக் கரையோர வயல்களும் கொட்டகைகளும் நீரில் நிற்கும் கடலூர் மாவட்டத்தில் இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. மாட்டின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலுடன் நிற்பவரையும் அது பிடிக்கும். பாக்டீரியம் அல்லாத வைரஸ்களும் ஒட்டுண்ணிகளும் வேறு. நல்ல ஆய்வகங்களில்கூட, அனுப்பப்படும் கருச்சிதைவுகளில் பாதிக்கும் குறைவானவற்றுக்கே காரணம் கண்டறிய முடிகிறது. எனவே கன்று வீசிய மாடெல்லாம் புருசெல்லா தொற்றிய மாடு அன்று. ஆனால் மனிதருக்கு விளையும் கேட்டைக் கருதினால் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.

புருசெல்லா அபார்டஸ் என்னும் அந்த பாக்டீரியத்தை 1897 இல் டென்மார்க்கைச் சேர்ந்த பெர்னார்டு பேங் கண்டறிந்தார். சினை மாட்டின் கருப்பையிலும் நச்சுக்கொடியிலும் எரித்ரிட்டால் என்னும் ஒரு வகைச் சர்க்கரைப் பொருள் மிகுதியாக இருக்கிறது. அதை உண்டு இந்த பாக்டீரியம் பெருகுகிறது. நச்சுக்கொடி அழற்சியுற்று, கருவுக்குச் செல்ல வேண்டிய ஊட்டம் தடைப்பட, பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு மாதத்துக்குள் கன்று வீசப்படுகிறது. அதனுடன் வெளியேறும் நீரிலும் கொடியிலும் கோடிக்கணக்கில் பாக்டீரியங்கள் இருக்கும். மனிதரைத் தொற்றுவதற்கு நூறுக்கும் குறைவானவை போதும்.

இந்நோயில் மாட்டுச் சந்தைக்கு மிகவும் வசதியாக அமைந்துவிட்ட ஒரு பண்பு உண்டு. தொற்றிய பசு பெரும்பாலும் ஒருமுறைதான் வீசும். அடுத்த ஈற்றில் நல்ல கன்றையே ஈனும். பார்வைக்கு எக்குறையும் இராது. ஆனால் ஒவ்வொரு ஈற்றின்போதும், பாலிலும் கூட, பாக்டீரியத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். மாட்டுக்கு இதைக் குணப்படுத்தும் நம்பகமான சிகிச்சை இல்லை. ஆகவே விவரம் தெரிந்த பண்ணையார் வீசிய மாட்டைச் சந்தைக்கு ஓட்டுகிறார். குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே என்று அதை வாங்குபவர் யார்? தாட்கோ கடனிலோ மகளிர் குழுக் கடனிலோ ஒற்றைக் கறவை மாடு வாங்கிப் பிழைக்க நினைக்கும் காலனிப் பெண்ணாகவே அவர் பல வேளைகளில் இருக்கிறார். மாடு கொட்டகை மாறும்போது நோயும் கடனும் சேர்ந்தே இடம் மாறுகின்றன.

ஆலமரத்தில் தொங்கும் கொடி

மாடு ஈன்றதும் நச்சுக்கொடியை வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி, ஆலமரம் போன்ற பால் வடியும் மரத்தில் தொங்கவிடும் வழக்கம் தமிழகக் கிராமங்களில் பரவலாக உண்டு. அப்படிச் செய்தால் மாடு பால் குறையாமல் கறக்கும் என்பது நம்பிக்கை. கம்மாபுரத்துக்கு வரும் வழியிலும் இத்தகைய மூட்டைகளை மரங்களில் காணலாம். நம்பிக்கையைக் கேலி செய்வது எங்கள் நோக்கமன்று. நேரடி வெயிலில் இந்த பாக்டீரியம் விரைவில் மடிந்துவிடும். ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் வாரக்கணக்கில், குளிர்ந்த சூழலில் மாதக்கணக்கிலும் உயிர் வாழும். வைக்கோலுக்குள் சுற்றி, அடர்ந்த ஆல நிழலில் தொங்கும் கொடி அதற்கு ஏற்ற இருப்பிடம். மூட்டை பிய்ந்தால் காகமும் நாயும் அதை ஊரெங்கும் கொண்டு சேர்க்கும். தவிரவும், கொடியை எடுத்துச் சுற்றிக் கட்டி மரமேறுகிற கை யாருடையது என்று பார்த்தால், வசதியான வீடுகளில் அது பெரும்பாலும் வீட்டுக்காரரின் கையாக இருப்பதில்லை.

இங்குதான் நோயியலும் சாதியும் ஒன்றையொன்று தொடுகின்றன. தமிழர்கள் பாலைக் காய்ச்சாமல் குடிப்பது அரிது. காய்ச்சிய பாலில் இந்த பாக்டீரியம் பிழைக்காது. பச்சைப் பாலிலிருந்து பாலாடைக்கட்டி செய்து உண்ணும் நாடுகளில் இந்நோய் உண்பவரைத் தேடிப் போகிறது. நம் ஊரில் காப்பி குடிப்பவர் தப்பித்துக்கொள்கிறார். தொழுவத்தில் குனிந்து நிற்பவர் மாட்டிக்கொள்கிறார். விரலிலுள்ள சிறு வெட்டு, கண்ணில் தெறிக்கும் ஒரு துளி, கூட்டும்போது எழும் தூசியை மூச்சில் இழுப்பது, இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். ஒரு மனிதரிடமிருந்து மற்றொருவருக்கு இது பரவுவது மிக அரிது. அதனால் அது ஊரில் கொள்ளைநோயாகத் தோன்றாது. குறிப்பிட்ட வேலையைச் செய்கிறவர்களுக்கு மட்டும், ஒவ்வொருவராக, வெவ்வேறு காலத்தில் வரும். அரசின் கணக்கில் இது ஏன் தென்படுவதில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

தொற்றியபின் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களிலும், சில வேளை மாதங்கள் கழித்தும் காய்ச்சல் தொடங்கும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டு வலி, முதுகு வலி, சோர்வு. ஆண்களுக்கு விதை வீங்கலாம். கருவுற்ற பெண்களுக்குக் கருச்சிதைவு நேரலாம். இதய வால்வைத் தாக்கினால் உயிருக்கே ஆபத்து. வழக்கமான டைபாய்டு பரிசோதனையில் இது தெரியாது; புருசெல்லாவுக்கென்று தனியே இரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும். சிகிச்சை உண்டு. டாக்சிசைக்கிளினுடன் ரிபாம்பிசின் சேர்த்து ஆறு வாரம் என்பது நெடுங்காலமாக உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் முறைகளில் ஒன்று. கருவுற்றவர்களுக்கும் சிறுவர்களுக்கும் மருந்து வேறுபடும் என்பதால் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். காய்ச்சல் நின்றது என்று பத்தே நாளில் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பிவிடும். கூலி வேலைக்குப் போகிறவரிடம் ஆறு வாரம் மருந்து சாப்பிடச் சொல்வது எளிது. அந்த ஆறு வாரச் சோற்றுக்கு வழி சொல்வதுதான் கடினம்.

"ஒன்றுமில்லை, வேலைக்குப் போகச் சோம்பல்" என்று ஏசப்படும் தொழிலாளர்களுக்காக ஒரு பெயரை இங்கே குறிப்பிட வேண்டும். ஆலிஸ் எவன்ஸ் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர், மால்டாவில் படைவீரர்களைத் தாக்கிய காய்ச்சலில் டேவிட் புரூஸ் 1887 இல் கண்ட பாக்டீரியமும், பேங் மாட்டில் கண்ட பாக்டீரியமும் நெருங்கிய உறவுடையவை என்று 1918 இல் நிறுவினார். பச்சைப் பால் ஆபத்தானது என்றும் எச்சரித்தார். முனைவர் பட்டம் இல்லாத ஒரு பெண் சொல்கிறார் என்று அறிவியலாளர்கள் பலர் புறந்தள்ளினர். பால் வணிகர்கள் எதிர்த்தனர். 1922 இல் ஆய்வகத்தில் அவரையே அந்நோய் தொற்றியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காய்ச்சல் வந்து வந்து போயிற்று. நோய் உறுதிப்படும் வரை, எல்லாம் நரம்புத் தளர்ச்சி, கற்பனை என்றே மருத்துவர்கள் அவரிடம் சொன்னார்கள். நுண்ணோக்கியை வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கே இந்தக் கதி.

சட்டம் என்ன சொல்கிறது?

2009 ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்கள் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் அட்டவணையில் புருசெல்லோசிஸ் இடம்பெற்றுள்ளது. அச்சட்டத்தின் 4 ஆம் பிரிவின்படி, அட்டவணை நோய் இருப்பதாக ஐயுறும் மாட்டின் உரிமையாளர் அதைக் கிராம அலுவலருக்கோ ஊராட்சிக்கோ தெரிவித்தாக வேண்டும். கன்று வீசியதை மறைத்து, மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவது தனிப்பட்ட சாமர்த்தியம் அன்று. சட்டக் கடமையை மீறுவதாகும்.

மத்திய அரசு 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம், கோமாரியையும் புருசெல்லோசிஸையும் இலக்காகக் கொண்டது. ஐந்தாண்டுக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இதன்படி நான்கு முதல் எட்டு மாத வயதுடைய கிடேரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறை தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. காளைக் கன்றுக்கும் சினை மாட்டுக்கும் போடக்கூடாது. இது உயிருள்ள பாக்டீரியத்தால் ஆன தடுப்பூசி; ஊசி தவறிக் கையில் குத்தினால் மனிதருக்கே நோய் வரலாம். முகாமில் கன்றைப் பிடித்துக்கொடுக்க அழைக்கப்படும் இளைஞர்களிடம் இதை எவரும் சொல்வதில்லை. ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் பரிசோதித்து, தொற்றிய மாடுகளைக் கொன்று, 1989 இல் இந்நோயை ஒழித்தன. பசுவைச் சுற்றி அரசியல் நடக்கும் நம் நாட்டில் அது நடவாது. அப்படியானால் நோயுற்ற மாட்டோடு நாள்தோறும் உழைப்பவரின் பாதுகாப்புக்குக் கூடுதல் பொறுப்பு ஏற்க வேண்டும் அல்லவா? பசுவின் புனிதம் பேசுவோர் அதன் நச்சுக்கொடியைத் தொட வேறொருவரைத்தான் அழைக்கிறார்கள்.

அப்படி அழைப்பது எப்போது குற்றமாகிறது என்பதில் சட்டம் நாம் நினைப்பதைவிடத் தெளிவாக இருக்கிறது. இதற்குப் பின்னால் இதே மண்ணின் வரலாறும் உண்டு. காட்டுமன்னார்கோயில் பகுதியைச் சேர்ந்த எல். இளையபெருமாள் தலைமையில் 1965 இல் மத்திய அரசு அமைத்த தீண்டாமை பற்றிய குழு, 1969 இல் அறிக்கை அளித்தது. பறையடிக்கவும் செத்த மாடு தூக்கவும் மறுக்கும் போராட்டங்களைச் சிதம்பரம் வட்டாரத்தில் முன்னெடுத்தவர் அவர். அக்குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்தே 1955 ஆம் ஆண்டுச் சட்டம் 1976 இல் திருத்தப்பட்டு, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது. அதில் புதிதாகச் சேர்ந்த 7ஏ பிரிவு, தீண்டாமையின் பேரால் ஒருவரைத் துப்புரவு செய்யவோ, செத்த விலங்கை அகற்றவோ, தோலுரிக்கவோ, தொப்புள்கொடியை அகற்றவோ, 'இதையொத்த வேறு வேலையைச்' செய்யவோ கட்டாயப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அச்செயல் தீண்டாமையின் அடிப்படையிலேயே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12 ஆம் பிரிவு. இல்லை என்று நிறுவும் சுமை எதிரிக்கு. தொப்புள்கொடி என்ற சொல் மனிதப் பேறுகாலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆயினும் வீசிய கன்றும் மாட்டின் நச்சுக்கொடியும் 'இதையொத்த வேறு வேலை'யில் அடங்கும் என்பதே எங்கள் வாதம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் கடுமையானது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ மனித அல்லது விலங்குச் சடலத்தைத் தூக்கவோ அகற்றவோ கட்டாயப்படுத்தினால், பிரிவு 3(1)இன் 'ஐ' கூறின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. 'கட்டாயம்' என்றால் அடித்து இழுத்துப் போவது மட்டுந்தானா என்று காவல் நிலையத்தில் கேட்பார்கள். ஆசியப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982 இல் உச்ச நீதிமன்றம், வேறு வழியற்ற வறுமையும் கட்டாயமே என்று அரசமைப்பின் 23 ஆம் உறுப்புக்குப் பொருள் கூறியது. "எடுக்காவிட்டால் நாளை முதல் வேலைக்கு வராதே" என்பதை அந்தப் பொருளில்தான் நாம் வாசிக்க வேண்டும். 2016 இல் உனாவில் தோலுரித்த இளைஞர்கள் தாக்கப்பட்டபின், குசராத் தலித்துகள் மாட்டுச் சடலங்களை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முன் கொண்டுபோய்ப் போட்டு, இனி எடுக்க மாட்டோம் என்றார்கள். மகாத்தில் 1927 இல் அம்பேத்கர் விடுத்த அழைப்பின் தொடர்ச்சி அது.

எல்லோராலும் நாளையே மறுத்துவிட முடியாது என்பதையும் நாங்கள் அறிவோம். வேலையைத் தொடர்பவருக்கு இழப்பீட்டு உரிமை இருக்கிறது. 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, விலங்குகளையும் அவற்றின் சடலங்களையும் கையாளும் வேலையில் வரும் தொற்றுநோய்களைத் தொழில்சார் நோய் என்றே பட்டியலிட்டது. 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அப்பட்டியல் தொடர்கிறது. பால் பண்ணைத் தொழிலாளிக்கும், செத்த விலங்குகளை அகற்ற ஊராட்சி அனுப்பும் தூய்மைக் காவலருக்கும் இந்த வாதம் வலுவானது. ஒன்றிரண்டு மாடு உள்ள வீட்டில் அன்றாடக் கூலிக்கு அழைக்கப்பட்டவரின் வழக்கு பலவீனமானது. வேலை கொடுத்தவர் யார் என்பதை நிறுவுவதிலேயே அது தடுமாறும்.

எல்லாம் கடைசியில் சான்றில் வந்து நிற்கிறது. மாடு வீசினால் அன்றே 1962 என்ற எண்ணுக்கு அழைத்துப் பதிவு செய்ய வேண்டும். கன்றும் கொடியும் ஐஸில் வைக்கப்பட்டு, மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்குப் போக வேண்டும். மாட்டின் இரத்தம் அன்றும், இரண்டு மூன்று வாரம் கழித்தும் எடுக்கப்பட வேண்டும். மிச்சத்தைச் சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைப்பதும், கையுறையும் முகக்கவசமும் வாங்கித் தருவதும், கசிவு நிற்கும் வரை மாட்டைத் தனியே கட்டுவதும் உரிமையாளரின் செலவு. தொழிலாளியின் பக்கம் செய்ய வேண்டியது சிறிதுதான்: மாட்டின் காதுவில்லையில் உள்ள பன்னிரண்டு இலக்க எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது, தேதியைக் குறித்துக்கொள்வது, காய்ச்சலால் வேலைக்குப் போக முடியாத முதல் நாளை நினைவில் வைத்துக்கொள்வது, மருத்துவரிடம் "மாடு வீசிய கன்றை எடுத்தேன்" என்று சொல்லி, அதை மருத்துவச் சீட்டில் எழுதச் செய்வது.

இப்பகுதியின் கல்லூரி மாணவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கக்கூடிய கேள்விகளும் உண்டு. கம்மாபுரம் ஒன்றியத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் ஊராட்சிவாரியாக எத்தனை கிடேரிகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது? முகாம் எந்தத் தெருவில் நடந்தது? எத்தனை கருச்சிதைவு மாதிரிகள் ஆய்வுக்குச் சென்றன? அரசு மருத்துவமனைகளில் எத்தனை பேருக்குப் புருசெல்லா பரிசோதனை செய்யப்பட்டது? கடைசிக் கேள்விக்கு வரும் விடையைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.

எங்களிடம் வந்த பெண்ணை, தொழில் விவரம் எழுதிய ஒரு கடிதத்துடன் அரசு மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறோம். கூலி பாக்கி மனுவில் கொட்டகை வேலையையும் தேதிகளையும் சேர்த்திருக்கிறோம். விற்கப்பட்ட மாட்டின் காதுவில்லை எண் மட்டும் கிடைக்கவில்லை. செவலை நிறம், இடது கொம்பு சற்று வளைந்திருக்கும் என்று அவர் சொன்னதை எழுதி வைத்திருக்கிறோம்.